பயோசேஃப்டி பயிற்சியை ஒரு சான்றிதழ் என்று நினைத்து நான் இழந்த 11 வாரங்கள்

பிஎச்டி முடித்து, வேறொரு பல்கலைக்கழகத்தில் போஸ்ட்டாக்காகச் சேர்ந்த ஏழாவது வாரத்தில் என்னை லேபுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். மனித செல்களிலும் லென்டிவைரஸ் வெக்டரிலும் (ஹெச்ஐவியிலிருந்து மாற்றி அமைத்த, செல்லுக்குள் மரபணுவைக் கொண்டுபோகும் வைரஸ்) வேலை செய்துகொண்டிருந்தேன். அதற்கு வேண்டிய பயோசேஃப்டி (உயிரியல் பாதுகாப்பு) பயிற்சிகளில் பாதியைக்கூட முடித்திருக்கவில்லை, பயோசேஃப்டி குழுவிடம் ஒப்புதல் வாங்கிய ஆய்வுத் திட்டத்தில் என் பெயரும் இல்லை. மறுபடி பைப்பெட்டைத் தொட 11 வாரங்கள் ஆயின. இரண்டு வருட ஒப்பந்தத்தில் 11 வாரம் என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் என்று அந்த நாட்களில் தினமும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சேர்ந்த முதல் வாரத்தில் யாராவது அரை மணி நேரம் உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் இதில் முக்கால்வாசி நடந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன், புதிதாக ஒரு லேபில் சேரப்போகிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதல் நாள் ஒரு மின்னஞ்சல் வந்தது. தீ பாதுகாப்பு, ரசாயனப் பாதுகாப்பு, பொது பயோசேஃப்டி என்று மூன்று ஆன்லைன் பாடங்கள், ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரு சின்னத் தேர்வு. ஒரே மதியத்தில் மூன்றையும் முடித்து, மூன்று சான்றிதழையும் இறக்கி வைத்துவிட்டு, பயிற்சி முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். பிஎச்டி காலத்தில் ஆறு வருடம் செல் கல்ச்சர் (செல் வளர்ப்பு) செய்தவள், பழைய பல்கலைக்கழகத்தின் பயோசேஃப்டி சான்றிதழும் கையில் இருந்தது. குழுத் தலைவரும் "உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே, ஆரம்பித்துவிடுங்கள்" என்றார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார், நானும் அதே எண்ணத்தில்தான் தலையாட்டினேன். இரண்டாவது வாரமே திரவ நைட்ரஜனிலிருந்து 293டி என்ற மனித செல்களை எடுத்து உயிர்ப்பித்தேன், நான்காவது வாரத்திலிருந்து வைரஸ் தயாரிக்க ஆரம்பித்தேன்.

ஏழாவது வாரம் ஆண்டு ஆய்வுக்காகப் பயோசேஃப்டி அலுவலர் வந்தார். பதற்றப்படுத்தும் ஆள் இல்லை, மெதுவாகத்தான் பேசுவார். இன்குபேட்டரில் என் பெயர் எழுதியிருந்த தட்டுகளைப் பார்த்துவிட்டு, கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். "இது யாருடையது?" என்றார். "என்னுடையது" என்றேன். "இந்தத் திட்டத்தில் உங்கள் பெயர் இல்லையே, லென்டிவைரஸும் இல்லையே" என்றார். லேபில் இருந்த ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சான்றிதழைக் காட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டு, இது பொது அறிமுகம் மட்டும், நீங்கள் செய்யும் வேலைக்கு இது போதாது என்றார். அன்று மாலையே என் அட்டை செல் கல்ச்சர் அறையின் கதவைத் திறக்கவில்லை. வளர்ந்துகொண்டிருந்த தட்டுகளில் பிளீச் ஊற்றி அழித்தார்கள், உறைய வைத்திருந்த வைரஸ் குப்பிகள் அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குப் போயின. புதிய மரபணுவை நிரந்தரமாக ஏற்ற இரண்டு செல் வரிசைகள் கிட்டத்தட்டத் தயாராகியிருந்தன, அவையும் போய்விட்டன. ஒப்புதல் இல்லாமல் செய்த வேலை என்பதால் அந்த வாரங்களின் தரவு எதையும் எந்தக் கட்டுரையிலும் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் முடிவெடுத்தார். சரியான முடிவுதான், ஆனால் கேட்கும்போது தொண்டை அடைத்தது. அந்த இரவு தூங்கவில்லை. ஆறு வருட அனுபவத்தை ஒரு பட்டியலில் பெயர் இல்லாதது செல்லாக் காசாக்கிவிட்டதே என்ற கோபம் முதலில் வந்தது, வெட்கம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

சரி, எங்கே கோளாறு என்று அடுத்த சில நாட்களில் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். நான் பயோசேஃப்டி பயிற்சி என்பது ஒரே ஒரு பாடம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது நீங்கள் கையில் எடுக்கும் பொருளையும், அதை வைத்துச் செய்யும் வேலையையும் பொறுத்து அடுக்கடுக்காகக் கூடிக்கொண்டே போகும் ஒரு தொகுப்பு. நோய் உண்டாக்காத ஈ.கோலை வகைகளை மட்டும் வளர்க்கிறவருக்கு பிஎஸ்எல்-1 (பயோசேஃப்டி நிலை 1, அபாயம் மிகக் குறைந்த நிலை) அடிப்படை போதும். மனித செல்களையோ ரத்தத்தையோ தொட்டால் பிஎஸ்எல்-2 பயிற்சி வேண்டும், அதோடு ரத்தம் வழிப் பரவும் நோய்க்கிருமிகள் பற்றிய தனிப் பயிற்சியும் வேண்டும். கடையில் வாங்கிய, பல ஆண்டுகளாக உலகமெங்கும் வளர்க்கப்படும் 293டி செல்லுக்கு எதற்கு ரத்தப் பயிற்சி என்று நானே கேட்டேன். மனிதத் திசுவிலிருந்து வந்த செல், அதில் என்ன வைரஸ் ஒளிந்திருக்கிறது என்று முழுமையாகச் சோதித்து யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதனால்தான் எல்லாவற்றிலும் தொற்று இருக்கக்கூடும் என்று வைத்துக்கொண்டே வேலை செய்யச் சொல்கிறார்கள் என்று பதில் வந்தது. அதற்கு மேல் மரபணு மாற்றம் செய்கிறீர்கள் என்றால் அந்த விதிகளுக்கு ஒரு பாடம், வைரஸ் வெக்டருக்கு ஒன்று, விலங்குகளில் செலுத்துவதானால் இன்னொன்று, ஆட்டோகிளேவை இயக்க ஒன்று, மாதிரிகளை வெளியூர் அனுப்புவதானால் வேறொன்று. இவை எல்லாவற்றுக்கும் பிறகு, உங்கள் லேபிலேயே, உங்கள் அறையின் கருவிகளை வைத்து, தலைவரோ அவர் நியமித்தவரோ நேரில் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டிய பயிற்சி. கடைசியாகச் சொன்ன இதைத்தான் பல லேபுகளில் காகிதத்தில் மட்டும் முடித்துவிடுகிறார்கள்.

பழைய சான்றிதழ் ஏன் செல்லவில்லை என்றும் கேட்டேன். பொதுப் பகுதிக்கு அதை ஏற்றுக்கொள்ளலாம் என்றார்கள், சில பல்கலைக்கழகங்கள் தேர்வை மட்டும் எழுதவிட்டுப் பாடத்தைத் தள்ளுபடி செய்வதும் உண்டாம். ஆனால் இந்தக் கட்டடத்தின் கழிவு எங்கே போகிறது, விபத்து நடந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, எந்த மருத்துவரிடம் போவது என்பதெல்லாம் பழைய இடத்துச் சான்றிதழில் இருக்காது. நியாயமான பதில். ஆகவே இடம் மாறுகிறவர்கள் பழைய சான்றிதழ்களைத் தூக்கிப் போடாதீர்கள், அதே சமயம் அதை மட்டும் நம்பி உள்ளே இறங்காதீர்கள். சேரும் தேதிக்கு முன்பே புதிய இடத்தின் பயோசேஃப்டி பிரிவுக்கு எழுதி, இவற்றில் எதை ஏற்பீர்கள் என்று எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். வேலை ஆணை கைக்கு வந்த நாளுக்கும் சேர்ந்த நாளுக்கும் நடுவே எனக்கு இரண்டு மாதம் இருந்தது, ஒரு மின்னஞ்சல்கூட அனுப்பவில்லை.

இப்போது அந்த 11 வாரங்கள் எப்படிப் போயின என்று சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சி நேரம் மொத்தத்தையும் கூட்டினால் இரண்டு நாள்கூட வராது. மீதி முழுக்கக் காத்திருப்பு. நேரடி பிஎஸ்எல்-2 வகுப்பு மாதத்துக்கு ஒரு முறைதான், நான் நிறுத்தப்பட்டதற்கு இரண்டு நாள் முன்புதான் அந்த மாத வகுப்பு முடிந்திருந்தது. நான்கு வாரம் போயிற்று. வகுப்பு முடித்த சான்று இல்லாமல் திட்டத்தில் பெயர் சேர்க்க விண்ணப்பிக்க முடியாது. பயோசேஃப்டி குழு கூடுவதும் மாதம் ஒரு முறை, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். நான் வகுப்பை முடித்தபோது அடுத்த கூட்டத்துக்கான கெடு தாண்டியிருந்தது, அதனால் அதற்கடுத்த கூட்டம், அது ஒன்பதாவது வாரம். குழு இரண்டு கேள்விகளோடு திருப்பி அனுப்பியது, பதில் கொடுத்து ஒப்புதல் கடிதம் வாங்க ஒரு வாரம். லேபில் நேரில் பார்த்துக் கையெழுத்தாகி, கதவு அட்டை மறுபடி வேலை செய்ய இன்னொரு வாரம். ஆட்களைச் சேர்ப்பதற்கு மட்டுமானால் பல இடங்களில் முழுக் குழுவும் கூட வேண்டியதில்லை, அலுவலகத்திலேயே முடித்துவிடுவார்கள். என் விஷயத்தில் லென்டிவைரஸ் என்ற வேலையே திட்டத்தில் இல்லாததால் முழுக் குழுவுக்குப் போயிற்று. சேர்ந்த அன்றே திட்டத்தின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். தயவுசெய்து அதைக் கேளுங்கள். அதில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: உங்கள் பெயர் இருக்கிறதா, நீங்கள் எடுக்கப்போகும் செல்லும் வெக்டரும் கிருமியும் அதே பெயரில் இருக்கின்றனவா, ஒப்புதல் எந்தத் தேதி வரை. கேட்டால் தலைவர் தவறாக நினைப்பாரோ என்று தயங்காதீர்கள், நான் தயங்கிய விலை மேலே இருக்கிறது.

நேரடி வகுப்புக்குள் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். தெரிந்ததையே சொல்வார்கள், நான்கு மணி நேரம் வீண் என்று நினைத்தேன். முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த எண்ணம் போய்விட்டது. பயோசேஃப்டி கேபினட் (செல்களையும் கிருமிகளையும் திறந்து வேலை செய்யும், காற்றை வடிகட்டும் பெட்டி) முன் ஒவ்வொருவராக உட்கார வைத்து, புகை வரும் ஒரு குச்சியை முன்வாயில் பிடித்து, கையை நாம் வழக்கமாக அசைப்பதுபோல் அசைக்கச் சொன்னார்கள். நான் வேகமாகக் கையை வெளியே இழுத்தபோது புகையும் என் பக்கம் வந்தது. என் முகத்தை நோக்கி. ஆறு வருடமாக அப்படித்தான் வேலை செய்திருக்கிறேன். கேபினட் நம்மைக் காப்பது கண்ணாடியால் இல்லை, முன்பக்கம் உள்ளே இழுக்கப்படும் காற்றுத்திரையால். கையைச் சட்டென்று இழுத்தாலோ, முன்பக்கத் துளைவரிசை மேல் நோட்டையோ பைப்பெட் பெட்டியையோ வைத்தாலோ, பின்னால் யாராவது வேகமாக நடந்து போனாலோ அந்தத் திரை கிழிகிறது. கைகளை நேராக, மெதுவாக உள்ளே கொண்டுபோய், ஒரு நிமிடம் காற்று நிதானிக்க விட்டு, அப்புறம்தான் வேலையைத் தொடங்க வேண்டும். சுத்தமானதை ஒரு பக்கம், கழிவை மறுபக்கம் வைத்து, வேலை எப்போதும் சுத்தத்திலிருந்து அசுத்தத்தை நோக்கியே போக வேண்டும். பன்சன் பர்னர் வேண்டாம், அதன் வெப்பம் காற்றோட்டத்தைக் குலைக்கிறது, நுண்துகள்களைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியையும் கெடுக்கலாம். இவற்றில் ஒன்றைக்கூட எனக்கு முன்பு யாரும் காட்டியதில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றவள் நான், எனக்குக் காட்டிய சீனியரும் பார்த்துக் கற்றவர்தான்.

அதே வகுப்பில் தெரிந்த இன்னொன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் லேமினார் ஃப்ளோ மேஜையும் பயோசேஃப்டி கேபினட்டும் ஒன்று இல்லை. முதலாவது வடிகட்டிய காற்றை மாதிரியின் மேல் வீசி, உட்கார்ந்திருப்பவரை நோக்கியே தள்ளும். செடித் திசு வளர்க்கவோ, ஊடகம் தயாரிக்கவோ அது நல்லது, மனித செல்லையோ வைரஸையோ அதில் திறந்தால் அதில் உள்ளதெல்லாம் நம் மூக்குக்குத்தான் வரும். இரண்டையுமே லேபில் "ஹூட்" என்றுதான் சொல்கிறோம், அங்கேதான் ஆபத்து. புதிய இடத்தில் ஒரு ஹூட் முன் உட்காரும் முன், இது எந்த வகை, கடைசியாக எப்போது சோதித்துச் சான்று கொடுத்தார்கள் என்று ஒட்டியிருக்கும் சீட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதித்திருக்க வேண்டும், இடம் மாற்றினாலும் சோதிக்க வேண்டும்.

பிளீச் பற்றியும் நான் தெரியாமல் இருந்தது அதிகம். பத்தில் ஒரு பங்கு பிளீச், மீதி தண்ணீர் என்ற கலவையைப் பாட்டிலில் ஊற்றி மாதக்கணக்கில் வைத்திருப்போம். அது நாளாக நாளாக வலுவிழக்கும், அன்றன்று புதிதாகக் கலக்க வேண்டும், ஊற்றியதும் துடைத்துவிடக் கூடாது, கழிவுத் திரவமானால் 20, 30 நிமிடமாவது ஊற விட வேண்டும். பிளீச் கலந்த கழிவை ஆட்டோகிளேவில் வைக்கவே கூடாது. ஆர்என்ஏ, டிஎன்ஏ பிரித்தெடுக்கும் கிட்களில் குவானிடின் உப்பு இருக்கும், அந்தக் கழிவில் பிளீச் ஊற்றினால் விஷ வாயு வரும். பிஎச்டியில் ஒரே கழிவுக் குடுவையில் இரண்டையும் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு நண்பருக்கு ஒரு நாள் கண் எரிந்து இருமல் வந்தது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. ஆட்டோகிளேவும் அப்படியே. காட்சித்திரையில் 121 டிகிரி என்று வந்தால் பைக்குள் நடுவிலும் 121 டிகிரி என்று நான் நம்பியிருந்தேன். பையை இறுகக் கட்டினால் நீராவி உள்ளே போகாது, நடுப்பகுதி சூடாகாமலே வெளியே வரும். பையில் ஒட்டும் பட்டை நிறம் மாறுவது வெப்பம் பட்டது என்பதை மட்டும் சொல்லும், கிருமி செத்ததா என்று அறிய ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் வித்துகள் அடங்கிய குப்பியை உள்ளே வைத்துச் சோதிக்க வேண்டும்.

இனி சொல்லப்போவதை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். வகுப்பின் மூன்றாவது மணி நேரத்தில் பயிற்சியாளர் ஒரு ஊசிக்குழலையும் வடிகட்டியையும் எடுத்துக் காட்டி, லென்டிவைரஸை 0.45 மைக்ரான் வடிகட்டியில் தள்ளும்போது திருகிப் பூட்டும் வகை ஊசிக்குழலைத்தான் பயன்படுத்த வேண்டும், வெறுமனே சொருகும் வகையில் அழுத்தம் கூடினால் வடிகட்டி பிய்த்துக்கொண்டு முகத்தில் தெறிக்கும் என்றார். எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. சேர்ந்த ஐந்தாவது வாரம் எனக்கு அதுதான் நடந்திருந்தது. பெரிய ரேக்கை உள்ளே வைப்பதற்காகக் கேபினட்டின் கண்ணாடிக் கதவைக் குறியைத் தாண்டி உயர்த்தியிருந்தேன், கண் பாதுகாப்பு எதுவும் போடவில்லை, வடிகட்டி பிய்ந்து ஒரு துளி வலது கண்ணோரத்தில் பட்டது. குழாயில் ஒரு நிமிடம் கழுவிவிட்டு, மீதி வைரஸையும் வடிகட்டி முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

வகுப்பு முடிந்ததும் எல்லோரும் போகும் வரை காத்திருந்து பயிற்சியாளரிடம் சொன்னேன். ஏற்கனவே நிறுத்தி வைக்கப்பட்டிருப்பவள், இதையும் சொன்னால் வேலையே போய்விடும் என்ற பயம் இருந்தது. அவர் திட்டவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு வரிசையாகக் கேட்டார். எத்தனையாவது தலைமுறை பேக்கேஜிங் பிளாஸ்மிட் (வைரஸை உருவாக்கச் செல்லுக்குள் கொடுக்கும் டிஎன்ஏ வளையங்கள்), வெளியுறை எது, உள்ளே வைத்த மரபணு எது, எத்தனை மணிக்கு நடந்தது, கண்ணை எவ்வளவு நேரம் கழுவினீர்கள். இந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. வெளியுறை விஎஸ்வி-ஜி (வேறொரு வைரஸின் வெளிப்புறப் புரதம்) என்றால் மனிதனின் கிட்டத்தட்ட எல்லா வகை செல்லுக்குள்ளும் நுழையக்கூடியது. மூன்றாம் தலைமுறை அமைப்பில் தேவையான மரபணுக்கள் அதிகப் பிளாஸ்மிட்களில் பிரிந்து கிடப்பதால், தானே பெருகும் வைரஸ் உருவாகும் வாய்ப்பு இன்னும் குறைவு. பெருகாவிட்டாலும் நுழைந்த செல்லின் டிஎன்ஏவில் தன் சரக்கை நிரந்தரமாகச் செருகிவிடும், அதனால் அந்தச் சரக்கு என்ன என்பது முக்கியம். என்னுடையது பச்சையாக ஒளிரும் புரதம். புற்றுநோய் தூண்டும் மரபணுவாக இருந்திருந்தால் அந்த உரையாடல் வேறு மாதிரி இருந்திருக்கும், என் அடுத்த பரிசோதனைக்கு நான் திட்டமிட்டிருந்தது அப்படி ஒன்றைத்தான்.

மறுநாள் மருத்துவரைப் பார்த்தேன். ஹெச்ஐவிக்குக் கொடுக்கும் சில மருந்துகள் இந்த வெக்டர் செல்லின் டிஎன்ஏவில் ஒட்டுவதையும் தடுக்கும், அதனால் இப்படிப் பட்டுவிட்டால் பல இடங்களில் அவற்றைப் பரிந்துரைக்கிறார்கள், ஆனால் அதற்குச் சில மணி நேரத்துக்குள் வர வேண்டும், ஒட்டி முடித்த பிறகு மருந்துக்கு வேலை இல்லை என்றார். நான் போனது ஆறு வாரம் கழித்து. ரத்தம் எடுத்து, எல்லாவற்றையும் எழுதி வைத்து, சில மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வாரங்களில் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் வலது கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். 11 வார இழப்பைவிட இதுதான் எனக்குப் பெரிய பாடம், ஆகவே நேராகச் சொல்கிறேன்: கண்ணில் பட்டால் கண் கழுவும் குழாயில் 15 நிமிடம், கடிகாரம் பார்த்து, இமையைப் பிரித்துப் பிடித்துக் கழுவுங்கள். தோலில் குத்தினாலோ கீறினாலோ சோப்பும் தண்ணீரும் போட்டு அதே 15 நிமிடம். கழுவி முடித்ததும் வேலையைத் தொடராமல் மருத்துவரிடம் போங்கள், போகும்போது வெக்டர் விவரம் எழுதிய ஒரு தாளை எடுத்துக்கொண்டு போங்கள், அவசரப் பிரிவில் இருப்பவருக்கு லென்டிவைரஸ் வெக்டர் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அந்தத் தாளை இன்றே எழுதி கேபினட் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். இப்போது எங்கள் அறையில் ஒட்டியிருக்கிறது.

மருத்துவக் கேள்வித்தாளையும் அலட்சியமாக நிரப்பாதீர்கள். தடுப்பூசி விவரம், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுக்கிறீர்களா, கர்ப்பமாக இருக்கிறீர்களா, வேறு நோய் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். இவர்களுக்கு எதற்கு என் சொந்த விஷயம் என்று நானும் நினைத்தேன். 2009ல் சிகாகோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர், வீரியம் குறைக்கப்பட்ட பிளேக் பாக்டீரியாவில் வேலை செய்தவர், அதே தொற்றால் இறந்துபோனார். இரும்புச் சத்தைப் பிடிக்க முடியாதபடி பலவீனமாக்கப்பட்ட வகை அது, அவருக்கோ உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் பரம்பரைக் குறைபாடு இருந்தது, அது இறந்த பிறகுதான் தெரியவந்தது. பாதுகாப்பான வகை என்று குப்பியில் எழுதியிருப்பது எல்லோருடைய உடலுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. வகுப்பில் இதைச் சொன்னபோது யாரும் கைபேசியைப் பார்க்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்கள், 1978ல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் பெரியம்மை வைரஸ் லேபுக்கு மேல் மாடியில் வேலை பார்த்த ஒரு புகைப்படக்காரர் அந்த நோய் வந்து இறந்தார், உலகில் பெரியம்மையால் நேர்ந்த கடைசி மரணம் அது. அவர் அந்த லேபில் வேலை செய்தவர்கூட இல்லை. அதைக் கேட்ட பிறகு, எங்கள் அறையில் குப்பை எடுக்க வருபவரையும் கருவி பழுது பார்க்க வருபவரையும் நினைத்துக்கொண்டேன். பயிற்சி இல்லாத அவர்கள் கை வைப்பதற்கு முன் அந்தக் கருவியைக் கிருமி நீக்கி, நீக்கிவிட்டோம் என்று எழுதி ஒட்ட வேண்டியது நம் பொறுப்பு.

வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருக்கும், மாதிரிகளை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் சுற்றிக்கொண்டிருக்கும்போது உள்ளே டப் என்று சத்தம் கேட்டது. பழைய நானாக இருந்தால் அந்த நிமிடமே மூடியைத் திறந்திருப்பேன், மாதிரி என்ன ஆயிற்று என்ற பதற்றம் அப்படி. நிறுத்தினேன், திறக்கவில்லை, அறையிலிருந்த மற்ற இருவரையும் வெளியே அழைத்து, கதவில் நேரத்தோடு தாள் ஒட்டி, 30 நிமிடம் காத்திருந்தேன். கண்ணுக்குத் தெரியாத துளிகள் காற்றில் மிதந்துகொண்டிருக்கும், அவை அடங்கத்தான் அந்த அரை மணி. அப்புறம் கையுறை இரண்டு அடுக்கு, கண் பாதுகாப்பு எல்லாம் போட்டுக்கொண்டு ரோட்டாரை (சுழலும் பகுதியை) அப்படியே கேபினட்டுக்குள் கொண்டுபோய்த் திறந்தோம். குழாய்களை வைக்கும் வாளிக்கு மூடி இருந்ததால் கசிவு அதற்குள்ளேயே நின்றிருந்தது. உடைந்த துண்டுகளை இடுக்கியால் எடுத்தோம், கையால் தொடவில்லை. மாலையே அறிக்கை கொடுத்தேன். யாரும் கோபிக்கவில்லை, சிந்தினால் துடைக்கும் பெட்டியில் தீர்ந்ததை நிரப்பச் சொல்லி புதிதாக அனுப்பினார்கள்.

இன்னும் சில விஷயங்கள், மறந்துவிடுவேன் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பயிற்சிகளுக்குக் காலாவதி உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தேதி. ரத்தம் வழிப் பரவும் கிருமிகளுக்கானதைப் பல இடங்களில் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், விமானத்தில் மாதிரி அனுப்பும் பயிற்சி இரண்டு வருடம்தான் செல்லும். நினைவூட்டல் அஞ்சல் வரும் என்று நம்ப வேண்டாம், உங்கள் நாட்காட்டியிலேயே ஒரு மாதம் முன்னதாகக் குறித்து வையுங்கள். உலர்பனிக்கட்டி வைத்து ஒரு பெட்டி அனுப்புவதற்குக்கூடப் பயிற்சி வேண்டும், அதைக் காற்றுப் போகாத பெட்டியில் அடைத்தால் வாயுவாகி வெடிக்கும். பயிற்சி உங்களுக்குச் சரளமில்லாத மொழியில் நடந்தால் கூச்சப்படாமல் நிறுத்திக் கேளுங்கள், எழுதிய குறிப்பு கேளுங்கள். தேர்வில் மதிப்பெண் வந்ததால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது, என் ஆன்லைன் மதிப்பெண் முழு நூறு. உங்களுக்குக் கீழே ஒரு மாணவர் வந்தால் அவரைக் கேபினட் முன் உட்கார வைப்பதற்கு முன்பு பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று நீங்கள் பாருங்கள், அவருக்குக் கேட்கத் தெரியாது.

விதிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வகப் பயோசேஃப்டி கையேடு பல இடங்களில் அடித்தளம் மாதிரி, 1983ல் முதலில் வந்தது, 2020ல் நான்காம் பதிப்பு. இந்தப் பதிப்பு கிருமிக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு அறை என்று நிறுத்திக்கொள்ளாமல், நீங்கள் அதை வைத்து என்ன செய்கிறீர்கள் என்று பார்த்து அபாயத்தை மதிப்பிடச் சொல்கிறது. ஒரே வைரஸ்தான், உறைந்த குப்பியை அலமாரியில் வைப்பதும் ஊசிக்குழலில் அழுத்தி வடிகட்டுவதும் ஒன்றில்லை. நேரம் கிடைக்கும்போது படியுங்கள், இலவசமாகக் கிடைக்கிறது.

மனித செல்லில் வேலை என்பதால் எனக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போட்டார்கள், அதுவும் முதல் வாரமே கேட்டிருக்க வேண்டியது. முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. மூன்றாவது எனக்கு அடுத்த மாதம் வருகிறது. அது முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்ப்பு உண்டாகியிருக்கிறதா என்று ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், சிலருக்கு ஊசி போட்டும் எதிர்ப்பு வராதாம். அந்த முடிவின் நகலைக் கேட்டு வாங்கி, சான்றிதழ்கள் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள், அடுத்த பல்கலைக்கழகத்தில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.